சாலை இரைச்சலை அளப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் வரும் கேள்விகள் எல்லாமே நெடுஞ்சாலை இரைச்சலைப் பற்றியவை. சில கேள்விகளுக்கு நாலு வரி போதும். சிலவற்றுக்குப் பக்கம் பக்கமாகப் பதில் தேவைப்பட்டது, அவற்றைச் சுருக்கவில்லை.

எங்கள் பள்ளிக்கும் நான்குவழிச் சாலைக்கும் 60 மீட்டர்தான் இடைவெளி. செல்போன் ஆப்பில் பார்த்தால் 78 டெசிபல் காட்டுகிறது. இதை வைத்து மனு கொடுக்கலாமா?
– ஆசிரியை, மேலூர்

அந்த 78 எதனுடைய 78? முதலில் அதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆப்பின் திரையில் துள்ளிக்கொண்டே இருப்பது அந்தந்த நொடியின் அளவு. பஸ் கடக்கும்போது பார்த்தால் 78 இருக்கும். கடந்து பத்து நொடி கழித்துப் பார்த்தால் 61 இருக்கும். விதிமுறை பார்ப்பது அந்த நொடி அளவை அல்ல, ஒரு கால அளவு முழுவதற்குமான ஆற்றல் சராசரியை. ஆங்கில எழுத்துகளில் சுருக்கி ‘எல்-ஈக்யூ’ என்பார்கள். ஆப்பிலும் அந்தப் பெயரில் தனியாக ஓர் எண் இருக்கும். 15 நிமிடம் ஓடவிட்டு அதை எழுதிக்கொள்ளுங்கள்.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. அமைதி மண்டலத்துக்கு 50, 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் தானாகவே அமைதி மண்டலம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2017-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு தனியாக அறிவித்திருந்தால்தான் அந்த வகை பொருந்தும். உங்கள் பகுதிக்கு அறிவிப்பு உண்டா என்று விசாரித்துவிட்டு மனு எழுதுங்கள். இல்லையென்றால் குடியிருப்புக்கான 55-ஐ ஒப்பிட்டுக் கேளுங்கள். வரம்பைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடினால் புகார் கொடுக்கலாம் என்று 7-ஆம் விதி சொல்கிறது. ஆக, உங்கள் வாசலில் பகல் சராசரி 65-ஐத் தொட்டாலே புகாருக்கு இடம் உண்டு. 78 வரை போகத் தேவையில்லை.

போனைப் பற்றி: அதன் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அதிக சத்தம் வந்தால் சில போன்கள் தாமாகவே அளவைக் குறைத்துக்கொள்ளும். காற்று பட்டாலே அளவு எகிறும். ஐபோனுக்கு அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் வெளியிட்ட ஒலிமானி ஆப், ஆண்ட்ராய்டுக்கு நாய்ஸ்கேப்சர், இரண்டும் இலவசம். பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் முறையான ஒலிமானி இருந்தால், அதற்கு அருகிலேயே போனையும் வைத்து அமைதியான இடம், சாலையோரம், நடுத்தரமான இடம் என மூன்று இடங்களில் பத்துப் பத்து நிமிடம் ஒப்பிடுங்கள். வித்தியாசம் மூன்றிலும் ஒரே மாதிரி இருந்தால் அதை ஆப்பில் திருத்தமாகப் போட்டுக்கொள்ளலாம். இடத்துக்கு இடம் வித்தியாசம் மாறினால் அந்தப் போன் இந்த வேலைக்கு ஆகாது.

போன் அளவை ஆதாரம் என்று சொல்லாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வந்து அளக்கக் கேட்பதற்கான காரணமாக மனுவில் வையுங்கள். தேதி, நேரம், 15 நிமிட எல்-ஈக்யூ, சாலை விளிம்பிலிருந்து தூரம், எந்த வகுப்பறைக்கு வெளியே என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு பக்க அட்டவணையை இணைத்தால் மனுவின் எடை கூடும். வரம்புகள் வெளிப்புற இரைச்சலுக்கானவை. வகுப்பறைக்குள் அளந்ததை ஒப்பிடாதீர்கள்.

நெடுஞ்சாலையில் 5 கி.மீ. நீளத்துக்கு இரைச்சல் வரைபடம் தயாரிப்பது எங்கள் புராஜெக்ட். கருவி, இடம், நேரம் மூன்றையும் எப்படி முடிவு செய்வது?
– கல்லூரி மாணவர், ஓமலூர்

கருவியிலிருந்து தொடங்குவோம். ஐ.இ.சி. 61672 என்ற சர்வதேசத் தரத்தில் முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு என்று முத்திரை உள்ள ஒலிமானி வேண்டும். நொடிக்கு ஒரு எல்-ஈக்யூ வீதம் பதிந்து வைக்கும் வசதி அதில் இருக்க வேண்டும். திரையில் எண் மட்டும் காட்டும் மலிவுக் கருவி உதவாது. கூடவே 94 டெசிபல், 1000 ஹெர்ட்ஸ் ஒலி தரும் காலிபிரேட்டர், மைக்கின் மேல் போடும் பஞ்சு உருண்டை, ட்ரைபாட், 50 மீட்டர் டேப், சிறிய காற்றுமானி, வண்டி எண்ண ஒரு வீடியோ கேமரா. ஒலிமானி, கேமரா, உங்கள் கைக்கடிகாரம் மூன்றிலும் நேரத்தை நொடி பிசகாமல் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால், 96 டெசிபலைத் தொட்ட அந்த உச்சம் லாரியா, பஸ் ஹார்னா என்பதைப் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

ஏ எடையிடல் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு), ஃபாஸ்ட் (சத்தம் மாறுவதை வேகமாகப் பின்தொடரும் அமைப்பு) என்று செட் செய்யுங்கள். முந்தைய குழு சி எடையிடலில் விட்டுவிட்டுப் போன கருவியை அப்படியே எடுத்துக்கொண்டு போவது அடிக்கடி நடக்கும் தவறு. லாரி எஞ்சினின் தாழ்ந்த உறுமலை ஏ குறைத்துக் கணக்கிடும், சி குறைக்காது. அளவு பல டெசிபல் ஏறிவிடும். அளவு எல்லையைக் கையால் தேர்ந்தெடுக்கும் பழைய கருவி என்றால் 30–80-இல் வைக்காதீர்கள். ஒரு ஏர் ஹார்ன் போதும், எல்லையைத் தாண்டி அந்தப் பதிவு முழுதும் பாழாகிவிடும்.

ஒவ்வொரு இடத்திலும் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் காலிபிரேட்டரைப் பொருத்திப் பாருங்கள். முன்பு 94.0, பின்பு 93.8 என்றால் சரி. வித்தியாசம் அரை டெசிபலைத் தாண்டினால் இடையில் எடுத்த எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான். பேட்டரி இறங்கியது, காரின் ஏ.சி.யிலிருந்து நேராக வெயிலுக்கு வந்ததில் மைக்கின் மேல் ஈரம் படிந்தது, காலிபிரேட்டருக்குள் மைக் முழுதும் இறங்காதது, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். வெளியே எடுத்த பிறகு கால் மணி நேரம் சும்மா வைத்துவிட்டுத் தொடங்கினால் பாதித் தொல்லை குறையும்.

இடத்துக்கு வருவோம். 5 கி.மீ.யை முதலில் துண்டுகளாகப் பிரியுங்கள். வண்டி எண்ணிக்கை, வேகம், சாலையின் ஏற்ற இறக்கம் இவை மாறும் இடமெல்லாம் ஒரு துண்டின் முடிவு: சந்திப்பு, மேம்பாலம், டோல்கேட், ஏற்றம், ஊருக்குள் நுழையும் இடம். ஒவ்வொரு துண்டிலும் சாலைக்குச் செங்குத்தாக ஒரு குறுக்குக் கோடு. பிரதானச் சாலையின் விளிம்பிலிருந்து 10, 20, 40, 80, 160 மீட்டரில் புள்ளிகள். ஏன் இரட்டித்துக்கொண்டே போகிறோம் என்றால், சாலை இரைச்சல் ஒரு கோட்டிலிருந்து பரவுவது. கெட்டித் தரையில் தூரம் இரட்டித்தால் 3 டெசிபல், புல்லோ உழுத நிலமோ என்றால் சுமார் 4.5 டெசிபல் குறையும். இப்படிப் புள்ளி வைத்தால் படிப்படியாக இறங்குவது தெரியும். எங்கே இறங்கவில்லையோ அங்கே வேறு சத்தம் கலந்திருக்கிறது என்று உடனே பிடிபடும். சர்வீஸ் ரோடு இருந்தால் அதன் விளிம்பிலிருந்து அளந்துவிடாதீர்கள். எந்த விளிம்பு என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

மைக் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். மாடி வீடுகளுக்கான வரைபடம் என்றால் 4 மீட்டர். ஐரோப்பிய வரைபடங்கள் அந்த உயரத்தில்தான் போடப்படுகின்றன. சுவரிலிருந்து குறைந்தது 3.5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். காம்பவுண்ட் சுவரின் நிழலில் ட்ரைபாடை வைக்கும் ஆசை வரும். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியால் 3 டெசிபல் வரை கூடும். அது வண்டிப் போக்குவரத்து இரட்டித்ததற்குச் சமம். நீங்களும் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் இரண்டடி தள்ளி நில்லுங்கள்.

நேரம்: ஒரு துண்டுக்கு ஒரு கருவி 10 மீட்டர் புள்ளியில் 24 மணி நேரமும் ஓடட்டும். இன்னொரு கருவியோடு மற்றப் புள்ளிகளுக்குப் போய் 15 நிமிடம் அளந்து, அதே 15 நிமிடத்தில் நிலையான கருவி காட்டியதோடு வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். அந்த வித்தியாசத்தை 24 மணி நேர அளவுகளில் கழித்தால் எல்லாப் புள்ளிகளுக்கும் பகல், இரவு அளவுகள் கிடைத்துவிடும். இரண்டே கருவியில் ஒரு வார வேலை முடியும். நள்ளிரவில் மட்டும் 15 நிமிடம் போதாது. மணிக்கு 20 வண்டி போகும் கிளைச் சாலையில் 15 நிமிடத்தில் ஐந்துதான் போகும். அதில் ஒன்று ஓட்டை சைலன்சர் என்றால் இரவு முழுவதற்கும் அது பேசிவிடும். அங்கே முழு மணி நேரம் எடுங்கள்.

செவ்வாய், புதன், வியாழன் சாதாரண நாள்கள். ஞாயிறு ஒன்றைத் தனியாக எடுங்கள். முகூர்த்த நாள், பொங்கல், தீபாவளிக் கூட்டம், தேர்தல் மைக் இருக்கும் நாள்கள் வேண்டாம். மழையும் வேண்டாம்: ஈரச் சாலையில் டயர் ‘ஷ்’ என்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் ஓசையே அளவைத் தூக்கிவிடும்.

60, 70, 80 என்று மூன்று அளவுகள். சராசரி 70 என்று எழுதினேன். தவறு என்று அடித்துவிட்டார்கள். என்ன தவறு?
– வாசகர், விராலிமலை

டெசிபல் மடக்கைக் கணக்கு. நேராகக் கூட்டி வகுக்கக் கூடாது. 60-ஐவிட 70-இல் பத்து மடங்கு ஆற்றல், 80-இல் நூறு மடங்கு. அதனால் 1 + 10 + 100 = 111, மூன்றால் வகுத்தால் 37. இதன் மடக்கை 1.57, பத்தால் பெருக்கி 60-உடன் கூட்டினால் 75.7. உங்கள் விடைக்கும் சரியான விடைக்கும் 5.7 டெசிபல் இடைவெளி இருக்கிறது.

எக்செலில் ஒவ்வொரு எண்ணையும் பத்தால் வகுத்து, 10-இன் அடுக்காக மாற்றி, அவற்றின் சராசரியை எடுத்து, அதன் மடக்கையைப் பத்தால் பெருக்குங்கள். மூன்று அளவும் சம நேரம் எடுத்தவையாக இருக்க வேண்டும். ஒன்று 5 நிமிடம், இன்னொன்று 15 நிமிடம் என்றால் நேரத்தால் பெருக்கிக்கொண்டுதான் கூட்ட வேண்டும். பகலுக்கு 16 மணி நேரத்தையும் இரவுக்கு 8 மணி நேரத்தையும் தனித்தனியாகப் போடுங்கள். இரண்டையும் கலந்து ஒரே 24 மணி நேர எண்ணாக்கினால் இரவுத் தூக்கம் கெடுவது அந்த எண்ணுக்குள் மறைந்துபோகும்.

சி.ஆர்.டி.என். சூத்திரப்படி போட்ட கணக்கு, அளந்ததைவிட எப்போதும் குறைவாகவே வருகிறது. சூத்திரம் நம் சாலைகளுக்குப் பொருந்தாதா?
– ஆய்வு மாணவி, கோவை

நல்ல கேள்வி. முதலில் மற்ற வாசகர்களுக்காக: சி.ஆர்.டி.என். என்பது பிரிட்டன் 1988-இல் வெளியிட்ட சாலை இரைச்சல் கணக்கீட்டு முறை. ஒரு மணி நேரத்தில் போகும் வண்டிகள், சராசரி வேகம், கனரக வண்டிகளின் சதவீதம், தூரம் இவை தெரிந்தால் போதும்.

மணிக்கு 1800 வண்டி, வேகம் 75 கி.மீ., கனரகம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை 42.2, அதோடு 1800-இன் மடக்கையைப் பத்தால் பெருக்கிக் கூட்டினால் 74.75. 75 கி.மீ. வேகமும் கனரகம் பூஜ்யமும் என்றால் திருத்தம் எதுவும் இல்லை. முறையே அந்த வேகத்தை மையமாக வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 20 சதவீதக் கனரகத்துக்கு 3.68 கூட்டினால், சாலை விளிம்பிலிருந்து 10 மீட்டரில் 78.4. 50 மீட்டரில் 6 குறைந்து 72.4. நாலு சதவீத ஏற்றம் இருந்தால் 1.2 கூட்ட வேண்டும். தொப்பூர் கணவாய் போன்ற இடத்தில் அதை விட்டுவிடக் கூடாது. மணிக்கு 200 வண்டிக்குக் கீழே போனால் தனித் திருத்தம் உண்டு. 50-க்கும் கீழே என்றால் இந்த முறையைத் தொடவே வேண்டாம்.

இப்போது சிக்கல். இந்தச் சூத்திரம் தருவது எல்-ஈக்யூ அல்ல, எல்-10. அதாவது மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு நேரம் எந்த அளவு தாண்டப்படுகிறதோ அந்த அளவு. ஓட்டம் சீராக இருக்கும் சாலையில் எல்-10-இலிருந்து சுமார் 3-ஐக் கழித்தால் எல்-ஈக்யூ வந்துவிடும். நம் சாலையில் அந்த உறவை உடைப்பது ஹார்ன்.

ஒரு கணக்கு பாருங்கள். 15 நிமிடம், அதாவது 900 நொடி, 72 டெசிபலில் சீராகப் போகும் சாலை. அதில் ஒரே ஒரு பஸ் மூன்று நொடி ஏர் ஹார்ன் அடிக்கிறது. உங்கள் மைக்கில் 96. அந்த 15 நிமிட எல்-ஈக்யூ 74.6 ஆகிவிடும். பத்து பஸ் அடித்தால் 81.7. மொத்தமாகப் பார்த்தால் 900-இல் 30 நொடிதான் ஹார்ன். பத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவு. அதனால் எல்-10 ஏறக்குறைய அசையாமல் அங்கேயே நிற்கும்! சூத்திரம் 72-ஐச் சுற்றிச் சொல்ல, கருவி 82 காட்ட, இரண்டும் தத்தம் கேள்விக்குச் சரியான விடையைத்தான் சொல்கின்றன.

எனவே மாடலைத் திருத்துவதற்கு முன் பதிவைத் திருத்துங்கள். வீடியோவை ஓடவிட்டு ஹார்ன் விழுந்த நொடிகளைக் குறித்து, அவற்றை நீக்கிய எல்-ஈக்யூ ஒன்று, நீக்காதது ஒன்று என இரண்டையும் அறிக்கையில் கொடுங்கள். மாடலை முதலாவதோடு ஒப்பிடுங்கள். மக்கள் கேட்பது இரண்டாவதை. வரம்போடு ஒப்பிட வேண்டியதும் அதுதான். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஹார்னின் பங்கு. பல இசை ஹார்னும், காதைக் கிழிக்கும் ஹார்னும் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 119 தெளிவாகச் சொல்லியிருக்கும்போது, ஹார்னால் மட்டும் இத்தனை டெசிபல் என்று எண்ணோடு காட்டுவது போக்குவரத்துக் காவல்துறைக்கு நேரடியாகப் பயன்படும் தகவல். இந்த ஒரு பட்டியலுக்காகவே உங்கள் ஆய்வை மெச்சலாம்.

இன்னொரு இடைஞ்சல், வண்டி வகை. அந்தப் பிரிட்டிஷ் முறையில் வெறும் எடை 1525 கிலோவைத் தாண்டினால் கனரகம், மற்றதெல்லாம் இலகு. நம் சாலையில் பைக்கும் ஷேர் ஆட்டோவும் காரும் ஒரே கூடையில் விழுகின்றன. ஐரோப்பாவின் சினாசஸ் முறையில் இருசக்கர வண்டிக்குத் தனி வகை உண்டு. ஆட்டோவுக்கு அதிலும் இல்லை. ஆட்டோ அதிகம் ஓடும் துண்டில், லேன் நடுவிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்தில் மைக்கை வைத்து, தனியாகக் கடக்கும் ஆட்டோக்களின் உச்ச அளவை வேகத்தோடு சேர்த்துப் பதிந்து, நீங்களே ஒரு வளைகோடு போட்டுக்கொள்வது நல்லது. வேகத்துக்கு ரேடார் இல்லையென்றால் சாலையோரம் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு குறி வையுங்கள். இரண்டரை நொடியில் கடந்தால் 72 கி.மீ. வேகம்.

அளந்த புள்ளிகளை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டு இடையை நிரப்பினேன். வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வட்ட வட்டமாக வருகிறது. ஏன்?
– வாசகர், சங்ககிரி

புள்ளிகளுக்கு நடுவே அளவுகளைப் பரப்பி நிரப்பும் முறைக்கு அங்கே ஒரு சாலை ஓடுகிறது என்பதே தெரியாது. மழையளவுக்கு அது ஒத்துவரும். இரைச்சல் சாலை என்ற கோட்டிலிருந்து புறப்பட்டு, அரிசி ஆலைச் சுவரில் மோதி, அதன் பின்னால் சட்டென்று பத்து டெசிபல் விழுந்துவிடும் விஷயம். சுவருக்கு முன்னால் ஒரு புள்ளி 74, பின்னால் ஒரு புள்ளி 62 என்றால், உங்கள் மென்பொருள் இரண்டுக்கும் நடுவே 68 என்று வழுவழுவென்று சரிவு போட்டுவிடும். சுவருக்கு நடுவே 68 டெசிபலில் குடியிருப்பவர் யார்?

செய்ய வேண்டியது வேறு. வரைபடத்தைக் கணக்கிலிருந்து வரையுங்கள். அளந்த புள்ளிகளைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டு போக்குக்கும் தனித்தனிக் கோடாகச் சாலையை வரைந்து, ஒவ்வொரு துண்டுக்கும் மணிக்கணக்கு எண்ணிக்கை, வேகம், கனரகப் பங்கு இவற்றைக் கொடுங்கள். கட்டடங்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து எடுங்கள். ஊர்ப்புறத்தில் பாதி இருக்காது, செயற்கைக்கோள் படத்தின் மேல் கையால் வரைய வேண்டியிருக்கும். உயரத்துக்குத் தளம் ஒன்றுக்கு 3 மீட்டர். சுவரும் மேடும் தனி அடுக்காக. பிறகு க்யூஜிஐஎஸ்ஸுக்குள்ளேயே ஓடும் ஓப்நாய்ஸ், அல்லது பிரான்ஸில் உருவான நாய்ஸ்மாடலிங், இரண்டில் ஒன்றில் கணக்கை ஓடவிடுங்கள். இரண்டும் இலவசம். சாலையை ஒட்டி 10 மீட்டர் கட்டம், 200 மீட்டருக்கு அப்பால் 50 மீட்டர் கட்டம் போதும். எல்லா இடத்திலும் 5 மீட்டர் கட்டம் கேட்டால் கம்ப்யூட்டர் இரவெல்லாம் உட்கார்ந்துவிடும்.

முடிவை உங்கள் அளவுகளோடு ஒப்பிடுங்கள். எல்லாப் புள்ளியிலும் ஒரே பக்கமாக 2 டெசிபல் தள்ளியிருந்தால் சாலையின் மேற்பரப்போ வேகமோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு புள்ளி மட்டும் 6 டெசிபல் விலகினால் அங்கே மாடலுக்குத் தெரியாத சுவரோ, மாடலுக்குத் தெரியாத ஜெனரேட்டரோ இருக்கிறது; நேரில் போய்ப் பாருங்கள். ஜெனரேட்டர் என்றால் கழித்துவிடலாம்: சேர்ந்து 64, ஜெனரேட்டர் மட்டும் ஓடும்போது 60 என்றால், சாலையின் பங்கு 61.8. வித்தியாசம் 3 டெசிபலுக்குக் கீழே என்றால் கழிக்காதீர்கள், அந்த விடை நிற்காது.

உங்கள் ஊருக்கே உரிய ஒரு பொறி: யூ.டி.எம். மண்டலம், அதாவது வரைபடத்தில் இடங்களை மீட்டரில் குறிக்க பூமியைப் பிரித்திருக்கும் நெடுக்குக் கீற்றுகளில் ஒன்று. கிழக்கு 78 பாகைக் கோடு 43, 44 மண்டலங்களின் எல்லை. சேலம் 44-இல் இருக்கிறது. ஈரோடும் கோவையும் 43-இல். சேலம்–கோவை 544-ஆம் எண் நெடுஞ்சாலையில் சங்ககிரிக்கு வருவதற்கு முன்பே எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். ஒரு பாதி 43-இலும் மறு பாதி 44-இலும் சேமித்து, இரண்டையும் ஒரே மண்டலம் என்று திறந்தால் சாலை இரண்டாக ஒடிந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி விழும். ஏதாவது ஒரு மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து முழு வேலைக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். எல்லையோரத்தில் வரும் நீளப் பிழை 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டருக்கும் குறைவு. இரைச்சல் கணக்கில் அது ஒன்றுமே இல்லை.

நிறப்பட்டை 5 டெசிபலுக்கு ஒன்றாக இருக்கட்டும். ஒரு டெசிபலுக்கு ஒரு நிறம் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் உங்கள் கணக்குக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. பகலுக்கு ஒரு படம், இரவுக்கு ஒரு படம்.

சாலை எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டர். பகலில் ஒன்றும் கேட்காது. மார்கழி, தை மாத ராத்திரியில் லாரி பக்கத்து வரப்பில் போவது போலக் கேட்கிறது. மனப்பிரமையா?
– விவசாயி, தருமபுரி

பிரமை இல்லை. பகலில் தரை சுட்டு, மேலே போகப் போகக் காற்று குளிரும். அப்போது ஒலி மேல்நோக்கி வளைந்து உங்கள் தலைக்கு மேலே போய்விடும். மேகமில்லாத பனிக்கால இரவில் தரை முதலில் குளிர்ந்துவிடும். மேலே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். ஒலி கீழ்நோக்கி வளைந்து தொலைவில் வந்து இறங்கும். வண்டிகள் குறைந்தும் கேட்கும் சத்தம் கூடுவது இதனால்தான். பின்னணி அமைதியாக இருப்பதும் சேர்ந்துகொள்கிறது.

இரவில் அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தோட்டத்தில் கருவி 52 காட்டினால் அது லாரியாக இருக்க வேண்டியதில்லை, சில்வண்டாக இருக்கலாம். மழை பெய்த மறுநாள் என்றால் தவளை. காது லாரியைத்தான் கவனிக்கும், கருவி எல்லாவற்றையும் கூட்டும். அலைவரிசை வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவி என்றால் பாருங்கள்: டயர் இரைச்சல் 1000 ஹெர்ட்ஸைச் சுற்றிப் பரந்த மேடாக நிற்கும், சில்வண்டு 3000-க்கு மேலே ஊசி மாதிரி ஒற்றை முனையாக நிற்கும். அந்தப் பட்டைகளை நீக்கிவிட்டு மீதியைக் கூட்டி, அப்படிச் செய்ததை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

எங்கள் ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓயாத காற்று. எப்போது அளப்பது?
– வாசகர், ஆரல்வாய்மொழி

நொடிக்கு 5 மீட்டருக்கு மேல் காற்று அடித்தால் பதிவை நிறுத்துங்கள். அதற்கு மேல் கருவி கேட்பது சாலையை அல்ல, மைக்கில் உரசும் காற்றை. வெயிலில் பொடிந்துபோன பஞ்சு உருண்டை இருந்தும் இல்லாத மாதிரிதான், புதிதாக மாற்றுங்கள். அந்த மாதங்களில் விடியற்காலையில் காற்று தணியும் நேரத்தைப் பிடிக்கலாம், ஆனால் அது நாள் முழுவதற்கும் பேசாது. முடிந்தால் பருவம் முடிந்த பிறகு அளந்துவிடுங்கள். சாலைக்கு 30 மீட்டருக்குள் காற்றின் திசை அதிகம் பாதிக்காது. 100 மீட்டருக்கு அப்பால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை எழுதாத அளவை யாரும் ஒப்பிட முடியாது.

சாலையோரம் ஒரு வரிசை வேப்பமரம் வைத்தால் சத்தம் குறையுமா? அல்லது சுவர்தான் கட்ட வேண்டுமா?
– பெற்றோர் ஆசிரியர் கழகம், மதுரை மாவட்டம்

மரம் நிழலுக்கும் தூசிக்கும் கட்டாயம் வையுங்கள். இரைச்சலுக்காக ஒரு வரிசை மரத்தை நம்பாதீர்கள். ஆளே தெரியாத அளவு அடர்த்தியாக 60 மீட்டர் அகலத்துக்குத் தோப்பு இருந்தால்தான் 10 டெசிபல் வரை எதிர்பார்க்கலாம். வண்டி கண்ணில் படாமல் இருப்பதால் சத்தம் குறைந்தது போலத் தோன்றும், கருவி ஒத்துக்கொள்ளாது.

சுவர் வேலை செய்யும், சில நிபந்தனைகளோடு. வகுப்பறை ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் கண்ணிலிருந்து வண்டி மறைய வேண்டும். மறைந்த அளவில் சுமார் 5 டெசிபல் குறையும். அதற்கு மேல் உயரும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்றரை டெசிபல் போல. மாடி வகுப்பறைக்கு எட்டடிச் சுவரால் பயன் இல்லை. லாரியின் சத்தம் டயரில் மட்டுமல்ல, உயரத்தில் வைத்த புகைக்குழாயிலிருந்தும் வருகிறது என்பதையும் சேர்த்து உயரத்தை முடிவு செய்யுங்கள்.

கனத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சதுர மீட்டருக்கு 20 கிலோ இருந்தாலே ஒலி ஊடுருவாது; அரைச் செங்கல் சுவரே அதைப்போலப் பல மடங்கு. அரை மில்லிமீட்டர் தகரத் தடுப்பு சதுர மீட்டருக்கு 4 கிலோதான், அது ஆகாது. பணத்தைத் தடிமனில் போடாமல் உயரத்திலும் நீளத்திலும் போடுங்கள். சுவரிலிருந்து வகுப்பறை 15 மீட்டர் என்றால், வகுப்பறைக்கு நேரிலிருந்து இரு பக்கமும் 60 மீட்டர் வீதம் சுவர் நீள வேண்டும். இல்லையென்றால் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு ஒலி வந்துவிடும். கம்பிக் கேட் வைத்த இடம் திறந்த இடம்தான். கேட்டுக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இன்னொரு துண்டுச் சுவர் எழுப்புங்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் வீடுகள் இருந்தால், வழவழப்பாகப் பூசிய சுவர் சத்தத்தைத் திருப்பி அவர்கள் மேல் தள்ளும். ஒலியை உறிஞ்சும் மேற்பரப்பு பற்றிப் பொறியாளரிடம் கேளுங்கள்.

பள்ளிக்கு முன்னால் வண்டியை மெதுவாக்க வேகத்தடையோ சாலையில் குறுக்குப் பட்டைகளோ கேட்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவை குழந்தைகளின் உயிருக்குக் காவல், கேட்டுப் பெறுங்கள். ஆனால் காலி லாரியின் பின்பலகை அதன் மேல் தடதடக்கும் சத்தமும், தாண்டியதும் கியர் மாற்றி உறுமும் சத்தமும் அந்த இடத்தில் புதிதாகச் சேரும். வகுப்பறைக்கு நேராக இல்லாமல், சற்று முன்னதாக அமைக்கும்படி மனுவிலேயே எழுதிவிடலாம்.

சுவர் எழும்பும் வரை: திறந்த ஜன்னலோடு வகுப்பறைக்குள் சுமார் 10 டெசிபல்தான் குறையும், சாதாரணக் கண்ணாடி ஜன்னலை மூடினால் 20. சாலைப் பக்க ஜன்னலை மூடி, மறுபக்க ஜன்னல்களைத் திறந்து, காற்றுக்கு மின்விசிறி போட்டால் அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதியாவது உடனே கிடைக்கும்.

சுவர் கட்டும் முன் ஒரு நாள் முழுக்க அளந்து வையுங்கள். ஒரு மைக் வகுப்பறை அருகே, இன்னொன்று சுவர் வரப்போகும் இடத்தில், அதன் உச்சிக்கும் ஒன்றரை மீட்டர் மேலே இருக்கும்படி கம்பத்தில். கட்டிய பிறகும் அதே இரண்டு இடம், அதே உயரம். மேலே இருக்கும் மைக் இரண்டு நாளுக்கும் இடையே போக்குவரத்து எவ்வளவு மாறியது என்று சொல்லிவிடும். அதைக் கழித்த பிறகு கீழே மிஞ்சும் வித்தியாசம்தான் சுவரின் பலன். ஒப்பந்தக்காரருக்கு கடைசித் தவணை கொடுக்கும் முன் அந்த எண்ணைக் கேளுங்கள்.